சரக்கறைக் கதவு

“மதினி, நல்ல நேரம் நெருங்குது. நீங்க சரக்கறைக்குள்ள போயிருங்க” என்றார் செந்தூர்பாண்டி.

தூத்துக்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்பவர் அவர். பேச்சியம்மாளின் கணவருக்குத் தம்பி. கெட்டவர் அல்ல. அண்ணன் போன பிறகு அந்தக் குடும்பத்தைக் கைவிடாதவர். அன்றும் குரலை உயர்த்தாமல், வந்தவர்கள் காதில் விழாமல்தான் சொன்னார்.

“இந்தா போறேன் தம்பி” என்று பேச்சியம்மாளும் எழுந்தாள். மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த சீனித்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யம்மா, நீ இங்கனதான் இருக்கணும். நீ பாக்காம எனக்கு எதுக்குத் தாலி?”

“ஏளா, வாயை மூடு. தாலி அறுத்தவ கண்ணு படலாமா? நீ நல்லா இருக்கணும்லா?”

கையை உதறிவிட்டுப் போய், தானே உள்ளிருந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஓலைப்பெட்டி முடைந்து முடைந்து மகளை டீச்சராக்கிய கை அது. பெண்ணைப் பெறலாம், வளர்க்கலாம், கல்யாணத்துக்கு விடிய விடியத் தேங்காய் துருவலாம். அவள் கழுத்தில் தாலி ஏறுவதை மட்டும் பார்க்கக் கூடாது. எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த நியாயமோ தெரியவில்லை!

இது இப்படித்தான் நடக்கும் என்று சீனித்தாய்க்கு முன்பே தெரியும். அதனால் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள்.

அந்த எழுபத்தாறாம் வருஷம் அவள் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கு, சென்னையிலிருந்து ஒரு திரைப்படப் பயிற்சிக் குழு வந்திருந்தது. சினிமாவைப் பார்ப்பது எப்படி, எடுப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கும் மாணவிகளுக்கும் வகுப்பு. சினிமா என்றாலே பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று முகம் சுளித்த பள்ளிக்கு இது புதுசு. சீனித்தாய் ஆசையோடு சேர்ந்தாள். கற்றதை வகுப்பில் பிள்ளைகளுக்கும் சொன்னாள்: “சும்மா பாக்காதீங்க. யாரு முகம் எங்க திரும்புது, யாரு படத்துல இல்ல, அதையும் பாருங்க.”

ஒவ்வொரு வகுப்பும் மூன்று நிமிட ஊமைப்படம் ஒன்று எடுக்க வேண்டும். குழு கொடுத்துவிட்டுப் போன சின்னக் கேமராவைப் பத்தாம் வகுப்பு ஜெயசெல்வியிடம் தந்து, “என் கல்யாணத்தையே எடு. தாலி கட்டுறத மட்டும் தவற விட்டுராத. எங்கம்மா பாக்கணும்” என்றாள் சீனித்தாய். நம்ம வீட்டுக் கல்யாணத்தைப் படம் பிடிக்கிறார்கள் என்று செந்தூர்பாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

பிலிம் பம்பாய் போய்க் கழுவி வர மூன்று மாதம் ஆயிற்று. பயிற்சியின் கடைசி நாளன்று, பள்ளி மண்டபத்து ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிப் படங்களைப் போட்டார்கள். முதல் வரிசையில் செந்தூர்பாண்டியும், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த மாப்பிள்ளை செந்தில்வேலும். “அம்மாவும் வரலாமா சித்தப்பா?” என்று சீனித்தாய் பயந்துகொண்டே கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். “படத்துக்கு என்னளா தோஷம்? கூட்டிட்டு வா.”

பேச்சியம்மாள் கடைசி வரிசையில், மகள் புரொஜெக்டர் ஓட்டும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. வாசலில் கும்பிட்டு நிற்கும் செந்தூர்பாண்டியைக் கண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு மணவறை. “ஏளா, நல்லா இருக்க நீ” என்று பேச்சியம்மாள் பூரித்தாள். செந்தில்வேல் தாலியைக் கையில் எடுத்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்கச் சீனித்தாய் திரும்பினாள். இத்தனை மாதம் அவள் காத்திருந்தது அந்த முகத்துக்காகத்தான்.

பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“யம்மா, பாரு!”

“மாட்டேன். கட்டி முடிச்சதும் சொல்லு.”

“இது படம்மா. கல்யாணம் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு.”

“படத்துலயும் தாலி தாலிதானளா?”

அதற்குள் படமும் முடிந்துவிட்டது.

குழுவைச் சேர்ந்த மனுவேல் சார் எழுந்து, வழக்கம்போல, “படத்தில் என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டார். ஜெயசெல்வி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“தாலி கட்டும்போது எல்லாரும் தாலியத்தான் பாக்காவ சார். டீச்சர் மட்டும் பாக்கல. அவங்க ஒரு சாத்துன கதவையே பாத்துக்கிட்டு இருக்காவ. அதுக்குள்ள யாரு இருந்தாவன்னு படத்துல இல்ல.”



“நாந்தான் இருந்தேன் தாயி” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பேச்சியம்மாள் அதை உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செந்தூர்பாண்டி மட்டும் திரும்பவில்லை.

“ஏளா சீனி, போதும். லைட்டப் போடச் சொல்லு” என்றார்.

சீனித்தாய் சித்தப்பாவின் பேச்சைத் தட்டியது அன்றைக்குத்தான். சுருளைத் திருப்பிச் சுற்றி, படத்தை மறுபடியும் ஓட விட்டாள்.

இந்த முறை முந்தானை வாயோடு நின்றுவிட்டது. மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பேச்சியம்மாள் பார்த்தாள். அந்த நேரத்தில், அத்தனை தலைகளுக்கும் மேலாகத் தன்னைத் தேடி அலைந்த மகளின் கண்களையும் பார்த்தாள். கண்ணீர் வழிய வழிய, கடைசி வரை பார்த்தாள்.

விளக்கைப் போட்டார்கள். சீனித்தாய் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பேச்சியம்மாள் அவளைப் பார்க்கவில்லை. மகளின் தோளுக்கு மேலாக எட்டி எட்டி, முதல் வரிசையில் மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.