எல்லாம் இடது கால்

ஆம்பூர் வட்டார வள மையத்தில் வேலைவாய்ப்பு வழிகாட்டியாக இருந்தவர் பிரிஸ்கில்லா. அரசுப் பள்ளிகளில் பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகளுக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்வதும், கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு நேர்முகம் நடத்த வைப்பதும் அவர் வேலை. சொல்வது சுலபம். கம்பெனிக்காரர்களை வர வைப்பதுதான் பாடு. "அரக்கோணம்தான் எங்களுக்குப் பக்கம். பிள்ளைங்கள அங்க அனுப்புங்க" என்பார்கள். விடியுமுன் பஸ் ஏற வேண்டிய அந்தப் பயணத்துக்கு ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெற்றோர் பெண் பிள்ளைகளை அனுப்புவதே இல்லை. போன வருடம் பெயர் கொடுத்த பெண்களில் ஒருத்திகூடப் போகவில்லை.

இந்த வருடம் பிரிஸ்கில்லா விடாமல் கேட்டதில், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்று இறங்கி வந்தது. சம்பளத்தோடு பயிற்சி, கூடவே டிப்ளமா படிப்பு. முகாம் ஆம்பூரிலேயே, அரசுப் பள்ளி ஒன்றில் நடக்கும். ஆனால் இது ஒரு சோதனைதான், சரிப்படாவிட்டால் மறுபடியும் அரக்கோணம் என்று சொல்லிவிட்டார்கள். அனுப்பிய விதிமுறையில் கடைசி வரி இது: "ஷூ அணியாதவர்கள் நேர்முகத்துக்கு அனுமதிக்கப்பட மாட்டார்கள்."

பிரிஸ்கில்லா அதைப் படித்துச் சிரித்தார். தெருவுக்குத் தெரு ஷூ பேக்டரி இருக்கிற ஆம்பூரில் ஷூவுக்கா பஞ்சம்?

ஷூ பேக்டரி ஒன்றில் சாம்பிள் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஆபித் பாஷாவிடம் போய், ஷூ இல்லாத பிள்ளைகளுக்காகக் கேட்டார். அவர் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர். "பசங்க படிப்புக்குன்னா எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கோங்க டீச்சர். நம்மகிட்ட பழைய சாம்பிள் ஜாஸ்தியா கெடக்குது" என்றார். முகாமுக்கு முந்தின நாள் மாலையே மூன்று மூட்டைகள் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. பிரிஸ்கில்லா ஒரு மூட்டையைப் பிரித்து, மேலே இருந்த கருப்பு ஷூவை எடுத்துப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. ஆபித் பாஷாவின் குடும்பத்துக்காகக் கர்த்தரிடம் ஒரு நன்றி சொல்லிவிட்டு, மூட்டையைக் கட்டிவைத்தார்.

மறுநாள் காலை மூட்டைகளைத் தரையில் கொட்டினார்கள். உடற்கல்வி ஆசிரியர் ரெனால்ட் ஒரு ஷூவைக் கையில் எடுத்து அதற்கு ஜோடி தேடினார். குனிந்து தேடினார், உட்கார்ந்து தேடினார், கடைசியில் ஷூக்களுக்கு நடுவே மண்டியிட்டுத் தேடினார்.

"மேடம், எல்லாம் இடது கால்" என்றார்.

பிரிஸ்கில்லா போன் போட்டார்.

"சாம்பிள்னா ஒரு காலுதான டீச்சர்" என்றார் ஆபித் பாஷா. "ஜோடியா அனுப்பினா வெளிநாட்ல எவனாவது மாட்டிகினு போய்டுவான். அதுக்குத்தான் ஒத்தக் காலு. நீங்க ஆம்பூருக்காரங்க, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"அப்ப வலது கால் எங்க பாய்?"

"வலது காலு பொறக்கவே இல்ல டீச்சர்."

கம்பெனி அதிகாரி இன்பசேகரன் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோவில் வந்துகொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. ரெனால்டுக்கு ஒரு யோசனை தோன்றியது. இரண்டு காலிலும் இடதுகால் ஷூவையே மாட்டினால் என்ன? ஜெமி என்ற மாணவன் மாட்டிக்கொண்டு நடந்து காட்டினான். வாசலை நோக்கிக் கிளம்பியவன் வளைந்து வளைந்து போய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்டி நின்றான்.

"நான் நேராதான் சார் நடந்தேன்" என்றான் ஜெமி. "ஷூதான் திரும்புது."

ரெனால்டின் இரண்டாவது யோசனை முதலுதவிப் பெட்டியிலிருந்து வந்தது. "இடது கால்ல ஷூ, வலது கால்ல கட்டு. அடிபட்டவங்கள யாரு இன்னா கேக்கப் போறாங்க?"

"அது பொய்யில்லையா ரெனால்ட்?"

"நாம வாயத் தொறந்து இன்னா சொல்றோம் மேடம்? துணி சுத்துறோம். அவ்ளோதான்."

பிரிஸ்கில்லாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் சுவரோரமாக நின்றிருந்த பெண் பிள்ளைகளைப் பார்த்தார். இன்றைக்குத் தவறினால் இவர்களுக்கு அரக்கோணமும் இல்லை, எதுவும் இல்லை. "ஆண்டவரே, இதக் கொஞ்சம் பாக்காம இருங்க" என்று வேண்டிக்கொண்டு, கட்டுத் துணியை அவரே கத்தரித்துக் கொடுத்தார்.

இன்பசேகரன் வந்தார். மெதுவாக, அடிமேல் அடி வைத்து நடந்து, தரைவரை பச்சைத் துணி தொங்கிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

முதலில் ஜெமி போனான்.

"கால்ல என்னப்பா?"

"நாய் கடிச்சுட்டுது சார்."

அடுத்த பையன் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். மூன்றாவதாகப் போனவள் தேள் என்றாள். மூன்று பேருக்கும் வலது கால். மூன்று கட்டும் ஒரே மாதிரி, கணுக்கால்மேல் பூ முடிச்சோடு. இன்பசேகரன் வராந்தாவை எட்டிப் பார்த்தார். வரிசையில் நின்ற எல்லோரும் வலது காலைத் தூக்கிக்கொண்டு கொக்குக் கூட்டம்போல் நின்றார்கள். அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மேடம், இந்த ஊர்ல வலது காலுக்கு மட்டும் ஏதாவது வியாதி பரவுதா?"

பிரிஸ்கில்லா ரெனால்டைப் பார்த்தார். "சீசன் சார்" என்றார் ரெனால்ட்.

"டாக்டர் பாக்காம நான் மேல நடத்த முடியாது. இத இப்படியே நிறுத்திடலாம். அடுத்த மாசம் அரக்கோணத்துலயே..."

அதற்குள் நான்காவதாக வரவேண்டிய பூங்குழலி உள்ளே வந்துவிட்டாள். ஒடுகத்தூருக்கு அப்பால் மலையடிவாரத்துப் பெண். வேர்க்கடலை பிடுங்குகிற நாளில் ஒரு நாள் வேலையை விட்டு மகளோடு வந்திருந்த அவளுடைய அப்பா வெளியே மரத்தடியில் நின்றார். அரக்கோணம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் முகம் மாறியது.

"உன் காலுக்கு என்னம்மா?" என்றார் இன்பசேகரன் அலுப்போடு.

"ஒண்ணும் இல்ல சார். நல்லாகீது."

"அப்புறம் எதுக்குக் கட்டு?"

"ஷூதான் சார் ஒத்தக் காலு." அவள் குனிந்து கட்டை அவிழ்த்தாள். "சாம்பிள் ஷூ சார். வலது கால் கெடைக்கல. ஷூ இல்லாட்டி உள்ள விட மாட்டீங்கன்னு இப்படிப் பண்ணிட்டோம். எங்க மிஸ் மேல தப்பு இல்ல சார்."

"என் மேலதான் தப்பு" என்றார் பிரிஸ்கில்லா. "துணி வெட்டிக் கொடுத்ததே நான்தான்."

அந்த நேரம் பார்த்துப் பூங்குழலியின் கையிலிருந்த மார்க் ஷீட் நழுவி மேசைக்கு அடியில் போனது. துணியை விலக்கி எடுக்கப் போனவள் நிமிர்வதற்குச் சற்று நேரமாயிற்று. நிமிர்ந்தவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சார், கட்டுத் துணி நெறைய மிச்சம்கீது. உங்களுக்குக் கட்டி வுடட்டுமா?"

இன்பசேகரன் முகம் சிவந்தது. மேசைக்கு அடியில் அவருடைய புது ஷூக்கள் கழற்றிக் கிடந்தன. வலது குதிகாலில் கொப்புளம் உடைந்து, காலுறையெல்லாம் நனைந்திருந்தது. காலையிலிருந்து யாருக்கும் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதுன்னு சொல்லக் கூடாதா சார்?" என்றாள் பூங்குழலி.

அவள் மருந்து தடவிக் கட்டுப் போட்டாள். பூ முடிச்சும் போட்டாள். பொய்க்காகக் கத்தரித்த துணி ஒரு மெய்யான காயத்தின்மேல் போய் உட்கார்ந்ததைப் பார்த்தபோது பிரிஸ்கில்லாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"ஷூ விஷயத்த முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம்?"

"நீங்கதான சார் அந்த விதிய எழுதி அனுப்பினீங்க?"

"நானா? எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது அது. வருஷா வருஷம் தேதிய மட்டும் மாத்தி அனுப்புறேன்." குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தத் தடவதான் அத முழுசாப் படிச்சேன். படிச்சுட்டுத்தான் நானே நேத்து புது ஷூ வாங்கினேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மரத்தடியில் நின்ற பூங்குழலியின் அப்பா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். முதல் மூவரையும் இன்பசேகரன் மறுபடி கூப்பிட்டு, இந்த முறை நிஜத்தைச் சொல்லச் சொன்னார்.

"நாய் கடிச்சது மட்டும் நெஜம் சார்" என்றான் ஜெமி. "ஆனா அது போன வருஷம். அதுவும் இடது கால்ல."

அரக்கோணப் பேச்சு அதோடு போயிற்று. மாலைக்குள் எல்லோரையும் பார்த்து முடித்துப் பதினோரு பேரை எடுத்துக்கொண்டார். அதில் பூங்குழலியும் இருந்தாள், தேள் கடிக்காத பெண்ணும் இருந்தாள். அடுத்த முகாமும் இங்கேதானா என்று பிரிஸ்கில்லா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இந்தக் காலோட நான் வேற ஊர் எங்க மேடம் தேடுவேன்?" என்றார் அவர்.

கடைசியில் குழுப் படம் எடுத்தார்கள். வீங்கிய வலது கால் ஷூவுக்குள் நுழையாததால், இன்பசேகரனும் இடது காலில் ஷூ, வலது காலில் கட்டு என்று நடுவில் நின்றார். படத்தைப் பார்த்தவர்கள் அதுதான் கம்பெனியின் சீருடை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே ஆபித் பாஷா போன் செய்தார். அவர் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. "டீச்சர், ராணிப்பேட்டைல நம்ம தோஸ்த் ஒருத்தன் பேக்டரில வலது காலுதான் சாம்பிள் போடுறானாம்! அவன்கிட்ட மூணு மூட்ட சொல்லி வெச்சுட்டேன்."

"உங்க நல்ல மனசுக்கு ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும் பாய்" என்றார் பிரிஸ்கில்லா. "எந்தக் கலர்ல இருக்குது?"

"எல்லாம் செவப்பு டீச்சர். பொம்பளைங்க ஹை ஹீல்ஸு."

அடுத்த வருட விதிமுறை சீக்கிரமே வந்தது. இடம் ஆம்பூர் என்றிருந்தது. கடைசி வரியை மட்டும் யாரோ அக்கறையாக மாற்றி எழுதியிருந்தார்கள்: "செருப்பு அணிந்து வரவும். நானும் அப்படியே வருகிறேன்."