மருந்து உட்கார்ந்த வளைவு

ஹீனாவின் பெங்களூரு நேர்காணலுக்கு இருபத்தாறு மணி நேரம் இருந்தபோது பூவிழி அந்தப் பிழையைப் பார்த்தாள்.

எம்.எஸ்சி.யில் இருவரும் சேர்ந்து செய்த வேலை அது. கேழ்வரகில் குலைநோயைக் கொண்டுவரும் பூஞ்சையின் புரதம் ஒன்று. அதன் வடிவத்தை யாரும் ஆய்வகத்தில் கண்டறிந்ததில்லை. அதனால் வடிவம் தெரிந்த உறவுக்காரப் புரதம் ஒன்றை டெம்ப்ளேட்டாக வைத்துக் கணினியில் வார்க்க வேண்டும். பெரியப்பா மகனின் சட்டையை வைத்துத் தம்பிக்கு அளவெடுப்பது போலத்தான். வார்த்தது பூவிழி. அதில் பூஞ்சையை அடக்கும் மருந்து எங்கே பொருந்தும் என்று தேடிப் பிடித்தது ஹீனா. அந்தப் படத்தைக் காட்டித்தான் அவள் முனைவர் பட்டத்துக்கு இடம் கேட்கப் போகிறாள்.

"ரெண்டு புரதத்தையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பக்கத்தையும் அனுப்புடி" என்று ஹீனா கேட்டதால்தான் பூவிழி அந்தக் கோப்பைத் திறந்தாள். வார்ப்புக்குக் கணினி கொடுத்த மொத்த மதிப்பெண் நன்றாக வந்த சந்தோஷத்தில், வார்த்த அன்று அவள் அதை முழுதாகப் படிக்கவில்லை.

பகல் முழுக்க வேறு டெம்ப்ளேட் தேடினாள். கிடைக்கவில்லை. பக்கத்தை அனுப்பினாள். பிழையைச் சொல்லிக் கூடவே எழுதிய நாலு வரியை அழித்துவிட்டாள். பார்த்தால் அவளே கேட்பாள் என்று இருந்தாள். ஒரு சிவப்பு இதயம் மட்டும் வந்தது.

மறுநாள் விடியலில் அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையோரம் பேருந்துக்கு நின்றார்கள்.

"என்னாடி, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு? இன்டர்வியூ எனக்கா, உனக்கா?"

"தூக்கமில்ல."

ஹீனா செல்போனை நீட்டினாள். "இந்த வளைவுல மருந்து எப்படி உக்காந்திருக்குது பாரு! மாமியார் வூட்டுக்கு வந்த புது மாப்ள மாதிரி, எழுப்பவே முடியாது. இதத்தான் மொதல்ல காட்டப் போறேன்."

"மொதல்லயேவா?"

"பின்ன? நீ செஞ்சது, புள்ள. உன் பேரச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்."

நேற்றுக் காலையே பூவிழி வாயைத் திறந்திருந்தால் ஹீனா வேறு படம் தயார் செய்திருப்பாள். ஆய்வு வழிகாட்டியிடம் கேட்டிருப்பாள். ஒரு முழுப் பகல் கையில் இருந்தது. இப்போது இருப்பது மூன்று மணி நேரப் பயணம் மட்டும்.

பேருந்து வந்து நின்றது. ஹீனா பையைத் தூக்க, பூவிழி அதன் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுடி, வண்டிய எடுத்துருவான்!"

"ஹீனா, அந்த வளைவுக்கு டெம்ப்ளேட்டே இல்ல. நாம அளவெடுத்த உறவுக்காரப் புரதத்துல அந்த எடமே கெடையாது. கம்ப்யூட்டரா இஷ்டத்துக்கு வளைச்சு வெச்சது அது."