ரிங் கட்டை விழுங்கிய போன்

என் மனைவி துர்க்கா ஒரு போன் கம்பனியில் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவி. புதுப் போன் கடைக்குப் போகுமுன் அதன் மென்பொருளைக் குடைந்து பார்த்து எங்கே பிழைக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுக்கும் அவள் ஆட்களுக்கும் வேலை. ஆனால் நான் யாரிடமும் இப்படி விளக்கிக்கொண்டு நின்றதில்லை. "உது என்ர மனிசி செய்த போன்" என்றுதான் சொல்வேன். நான் கனடாவில் பஸ் ஓட்டுகிறவன். பஸ்ஸில் ஏறுகிற தமிழ்ச் சனம், அஜின்கோர்ட் மரக்கறிக் கடை, கோயில் சாப்பாட்டு வரிசை என்று ஓர் இடம் விட்டுவைக்கவில்லை.

"நான் செய்யேல்லை கிருபன், பிழை பிடிக்கிறன்" என்று துர்க்கா தலையில் கை வைப்பாள். என் மனைவி நல்லாகப் பிழை பிடிப்பாள் என்று எந்தப் புருசன் வெளியே போய்ப் பெருமையடிப்பான்?

ஜனவரியில் அவளுடைய புதுப் போன் கடைக்கு வந்தது. சொந்தக்காரர், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் எல்லாரும் அதையே வாங்கினார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஒரு கிழமை கழியவில்லை, முறைப்பாடுகள் என் காதுக்கு வரத் தொடங்கின. ஒருவருக்குக் கமரா திறந்தால் மூடாது. இன்னொருவருக்கு அலாரம் ஒரு நாள் அடிக்கும், ஒரு நாள் அடிக்காது. எல்லாம் தெரிந்த பிழைகள்தான், அடுத்த அப்டேட்டில் சரியாகும் என்று துர்க்கா சொன்னாள். புதுப் போன் என்றால் இப்போதெல்லாம் அப்படித்தானாம். நானும் அதையே பெரிய விசயகாரன் மாதிரி எல்லாருக்கும் சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகேஸ்வரன் அண்ணை வந்தார். என் பெரியப்பாவின் மகன். ஒரு குறையும் இல்லாத பழைய போனைத் தூக்கி வைத்துவிட்டு, என் பேச்சைக் கேட்டு இதை வாங்கியவர். குளிர் ஜக்கெட்டைக்கூடக் கழற்றாமல் போனை மேசையில் வைத்தார்.

"தம்பி, உன்ர மனிசி செய்த போன் என்ர மனிசியைக் கொல்லப் பாத்தது."

அவர் மனைவி தவமணி அக்காவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யாது. கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அண்ணை அவவை இறக்கிவிட்டு, எதிரே கோப்பிக் கடையில் இருப்பார். முடிந்ததும் அக்கா ஒரு ரிங் கட் கொடுப்பா, இவர் காரை வாசலுக்குக் கொண்டுபோவார். ரிங் கட் என்றால் ஒரு தரம் மணி அடிக்கவிட்டு வெட்டிவிடுவது. எடுத்தால் காசு போய்விடும் என்றிருந்த காலத்துப் பழக்கம். இப்போது எவ்வளவு கதைத்தாலும் ஒரே பில்தான், ஆனாலும் எங்கள் சனம் அதை விடவில்லை. வெளிக்கிட்டாச்சு, வந்தாச்சு, கீழே நிற்கிறேன், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ரிங் போதும்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா வழக்கம்போல ரிங் கட் கொடுத்துவிட்டு வாசலுக்கு வெளியே வந்து நின்றிருக்கிறா. கார் வரவில்லை. திரும்பவும் கொடுத்திருக்கிறா. இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று நின்றதில் அவவின் பழைய போன் குளிருக்கு அணைந்துபோனது. ஊசி குத்தின கையோடு, நீர் வற்றின உடம்போடு நின்று, கடைசியில் வாசலிலேயே சுருண்டு இருந்துவிட்டா. யாரோ ஒரு தாதி கண்டு உள்ளே கூட்டிப்போய்க் கம்பளி போர்த்தியிருக்கிறாள். அண்ணையின் போன் ஒரு சத்தமும் போடவில்லை.

"ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாத்தனீங்களோ?" என்றேன். அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

துர்க்கா குசினியிலிருந்து வந்து போனை வாங்கினாள். நெடுநேரம் தேடவில்லை. தவமணி அக்காவின் இலக்கம் மோசடி அழைப்புகளோடு பூட்டப்பட்டுக் கிடந்தது. பெயர் பதியாத இலக்கம் ஒன்று திரும்பத் திரும்ப ஒரு ரிங் அடித்து வெட்டினால், அது ஏமாற்றுக்காரர் என்று இந்தப் போன் தானாக முடிவு செய்து வாயை அடைத்துவிடும். புது வசதி. விளம்பரத்தில் அதைத்தான் முதலில் காட்டினார்கள்.

"அக்கான்ர நம்பரை ஏன் அண்ணை பேர் போட்டுப் பதியேல்லை?" என்று கேட்டேன்.

"மனிசியின்ர நம்பரை ஆரடா பதிஞ்சு வைக்கிறது? அது மனப்பாடமெல்லோ."

துர்க்கா கதிரையில் இருந்தாள். "இதை நான் பாக்கேல்லை அண்ணை," என்றாள். "வீட்டிலை நானே ஒவ்வொரு நாளும் இவருக்கு ரிங் கட் குடுக்கிறன். ஒபிசுக்குள்ளை போனதும் எனக்கு அந்த ஞாபகமே வரேல்லை. நான்தான் சரியெண்டு விட்டனான். பிழை என்னிலைதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் நான் ஏற்றிவைத்த பெயரை இவள் என் வீட்டு மேசையிலேயே போட்டு உடைக்கிறாளே என்ற கோபம். அண்ணை போனதும் கேட்டேன்.

"நீர் ஏன் உம்மிலை போடுறீர்? போனுக்குக் கோட் எழுதினவன் வேறை ஆளெல்லோ?"

"எழுதினவனுக்கு ரிங் கட் எண்டா என்னெண்டு தெரியாது. எனக்குத் தெரியும்."



அடுத்த நாளே அவள் கம்பனிக்குப் பிழையை எழுதிப் போட்டாள். உடனே பதில் வந்தது. பாவிப்பவர் இலக்கத்தைப் பதிந்து வைத்திருக்க வேண்டும், இது பிழையே அல்ல, வேண்டுமானால் கோடையில் பார்ப்போம். இதற்கிடையில் அதே போன் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்களாதேசுக்கும் போக ஆயத்தமாக இருந்தது. வெள்ளிக்கிழமை அதற்கான கூட்டம். அவர்கள் கம்பனியில் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் வாயைத் திறந்து 'யெஸ்' சொல்ல வேண்டும். ஒருவர் 'நோ' சொன்னாலும் போன் போகாது. எல்லாரும் யெஸ் சொல்வதுதான் வழக்கம்.

வெள்ளிக்கிழமைகளில் துர்க்கா வீட்டிலிருந்துதான் வேலை செய்வாள். எனக்குப் பின்னேர ஷிப்ட், குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் தொடங்குமுன் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"இண்டைக்கு நான் நோ சொன்னா, தாறமெண்டு சொன்ன அந்தப் பெரிய போஸ்ட் கிடைக்காது, கிருபன். இருக்கிற வேலையும் நிக்குமோ தெரியாது. அஜக்ஸிலை வாங்கவெண்டு பாத்த வீட்டையும் மறக்க வேண்டியதுதான்."

அந்த வீட்டின் பின்வளவில் எங்கே கறிவேப்பிலைச் சாடி வைப்பது என்றுவரை நான் முடிவு செய்திருந்தேன். சொல்ல எத்தனையோ இருந்தன. ஆனால் அவள் என்னிடம் யோசனை கேட்கவில்லை, தெரியப்படுத்தத்தான் வந்தாள் என்று விளங்கியது. வெங்காயத்தை வெட்டினேன்.

கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. கதவில்லாத குசினியில் எல்லாம் கேட்டது. ஒவ்வொருவராக யெஸ், யெஸ் என்று வந்தார்கள். றொபேட் என்ற மேலாளர் அவள் பெயரைச் சொன்னார்.

"நோ," என்றாள் துர்க்கா.

யாரோ சிரித்தார்கள். கனடாவுக்கு நீதானே யெஸ் சொன்னாய் என்று றொபேட் கேட்டார்.

"அன்றைக்கு நான் பிழையாகச் சொன்னேன்."

எத்தனை பேர் முறைப்பாடு செய்திருக்கிறார்கள் என்று கேட்டார். ஒருவர் என்றாள். ஒருவரா என்று திருப்பிக் கேட்ட குரலில் இருந்த நக்கலுக்கு, நானாக இருந்தால் கத்தியோடு எழும்பிப் போயிருப்பேன். துர்க்காவின் குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"நீங்கள் அனுப்பப் போகிற நாடுகளில் கோடிக்கணக்கான பேர் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் ஒருவரும் உங்களுக்கு முறைப்பாடு எழுத மாட்டார்கள். எங்காவது ஒரு வாசலில் காத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வசதியை நிறுத்திவிட்டு வாருங்கள், நான் யெஸ் சொல்கிறேன்."

றொபேட் சொன்னார், "உன் பெயரைப் போட்டுத்தான் நிறுத்துவேன், துர்க்கா."

"போடுங்கள்."

போன் நின்றது. மூன்று நாட்டுக்குப் போக இருந்த போனை, என் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு ஒரு பெண் நிறுத்திவிட்டாள். அவள் மடிக்கணினியை மூடினாள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. இத்தனை நாள் ஊரெல்லாம் அளந்த பெருமையெல்லாம் எந்த மூலைக்கு? உடனே யாருக்காவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. மகேஸ்வரன் அண்ணை வீட்டுக்கு அடித்தேன். தவமணி அக்கா எடுத்தா.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பேன். அக்கா இடையில் ஒன்றும் கேட்கவில்லை. இருக்கிறாவோ, வைத்துவிட்டாவோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அக்கா?"

"ஓம் தம்பி, கேக்குது. ஊரிலை, கொக்குவிலிலை என்ர தங்கச்சி உந்தப் போனுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறவ. அவவும் ரிங் கட்தான். துர்க்காட்டைச் சொல்லும், நான் அண்டைக்குக் குளிருக்கை நிண்டது பறவாயில்லை எண்டு."