வெள்ளிக்கு வெளிச்சம் எந்தப் பக்கம்

அறுபத்திரண்டு நாள் எனக்கும் பல் டாக்டருக்கும் சண்டை நடந்தது. வெள்ளிக் கிரகத்தில் வெளிச்சம் மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா என்பதுதான் வழக்கு.

அவர் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் குடியிருக்கிறார். சூரியன் மறைந்ததும் பொது மொட்டைமாடிக்கு ஆளுக்கொரு தொலைநோக்கியோடு வந்துவிடுவோம். முதல் நாள் வெள்ளி சரிபாதியாக இருந்தது. எனக்கு மேல்பாதி ஒளிர்ந்தது, அவருக்குக் கீழ்ப்பாதி. இடம் மாறிப் பார்த்தோம், காட்சியும் மாறியது.

"உங்க குழாய்ல கோளாறு," என்றார்.

"உங்களதுலதான்," என்றேன். புதிதாய்ப் பார்த்த ஒருவரை நான் எதிர்த்துப் பேசியது அதுவே முதல்முறை.

எந்தக் குழாய் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும், பௌதிகம் படித்தவள். ஆனால் சொல்லவில்லை. சொன்னால் வழக்கு தீர்ந்துவிடும். அப்புறம் அவர் எதற்கு என் பக்கம் வருவார்?

வெள்ளி நாளுக்கு நாள் தேய்ந்தது. தேயத் தேய நம்மை நெருங்கிப் பெரிதாகவும் ஆனது. காய்ந்த துணி எடுக்க வந்த என் அக்கா குழாயில் கண் வைத்துப் பார்த்தாள்.

"அது இளைக்குது, உன் வாய்தான்டி பெருத்துக்கிட்டே போகுது. வீட்டுல உப்பு வேணுமான்னு கேட்டாக்கூடத் தலையாட்டுறவ!"

டாக்டர் சிரித்தார். "வாயைத் திறங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சுறவன் நான். இவங்க மூடினாத்தானே!"

கடைசி நாள், வெட்டிப்போட்ட நகம் போல ஒரு கீற்று. எதிர்க்கட்டடத்தின் விளிம்பைத் தொட இன்னும் சில நிமிடம். நாளை முதல் அந்தி வெளிச்சத்திலேயே கரைந்துவிடும். மாடிக்கு வர இருவருக்கும் காரணம் இருக்காது.

"டாக்டர்..." என்று தொடங்கினேன்.

"இருங்க, நான் முதல்ல சொல்லிடறேன்." சட்டைப்பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தார். "உங்க குழாய் எல்லாத்தையும் தலைகீழாக் காட்டும். என்னோடதுல, கண் வைக்கிற இடத்துக்கிட்ட இந்த மாதிரி ஒரு கண்ணாடி இருக்கு. அது மேல் கீழை நேராக்கிடும். நாள் பூரா கண்ணாடியிலதானே பல்லைப் பாக்கறேன்? எனக்கு முதல் நாளே தெரியும்."

"அப்புறம் எதுக்கு இத்தனை நாள் சண்டை?"

அவர் காது சிவந்தது. "உங்களோட பேச வேற சாக்கு கிடைக்கலீங்க."

கீற்று விளிம்புக்குப் பின்னால் இறங்கியது. இருவருமே குழாயில் கண் வைத்திருக்கவில்லை.

"எனக்கும் முதல் நாளே தெரியும்," என்றேன்.