பலகை பிடிக்கிறவள்

1

இந்தக் கதை எனக்கு ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. கதை என்றுகூடச் சொல்லக் கூடாது, இரண்டு வரிதான் கிடைத்தது.

எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பார்த்தாலே தெரிந்தது, அக்கா தங்கை. அக்காவின் தோளில் கராத்தே உடுப்பு பிதுங்கிக்கொண்டிருந்த பை. தங்கையின் கையில் சுருட்டிய போஸ்டர்.

"அவரு உடைக்கலைன்னா நான் இந்தப் போஸ்டரைக் கிழிக்கணும்க்கா."

"கிழி."

தங்கை பதிலுக்கு ஏதோ சொன்னாள். அதற்குள் கடைக்காரர் மெஷினை ஓட்டிவிட்டார். மூன்றாவது வரியை மெஷின் மென்று விழுங்கிவிட்டது. அவர்களும் போய்விட்டார்கள்.

எனக்குக் கதை காதுவழியாகத்தான் வரும். பேசினவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், எதை உடைக்கப் போகிறார்கள் என்பதையெல்லாம் பிறகுதான் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் புளுக வேண்டும். அந்த இரண்டு வரி தவிர, கீழே இருப்பது முழுக்கப் புளுகு. ஆனால் ஆசையாகப் புளுகியது.

2

முதல் தொடக்கம்: "கராத்தே பள்ளி நடத்திய சகோதரிகளுக்குள் ஒரு நாள் விரிசல் —"

வேண்டாம். விரிசல் என்று எழுதினால் பின்னாலேயே வக்கீல் வந்துவிடுவார்.

இன்னொன்று: "உதைக்கத் தெரிந்தவள் அக்கா, ஊரைக் கூட்டத் தெரிந்தவள் தங்கை."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

தங்கை வரும்வரை அக்காவின் பள்ளியில் யாரும் நிலைத்ததில்லை. சேருவார்கள், அக்கா உள்ளதை உள்ளபடி சொல்லுவாள், மறுவாரம் காணாமல் போவார்கள். பிள்ளை உதைப்பதைப் பார்த்தால் செருப்பைக் கழற்றுவதுபோல இருக்கிறது என்று அந்தப் பிள்ளையின் அப்பாவிடமே சொன்னவள்.

தங்கை முதல் வேலையாகப் பாதிச் சுவரை இடித்துக் கண்ணாடி வைத்தாள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பெற்றோர் பார்க்கட்டும் என்று. வகுப்புக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போட்டாள். ஃபீஸ் கேட்க அல்ல, சளி சரியாயிற்றா என்று கேட்க. பெல்ட் டெஸ்டில் பலகை பிடிக்கும் வேலையை உதவி மாஸ்டர்களிடமிருந்து பிடுங்கி வீட்டாரிடம் கொடுத்தாள். அம்மா பலகையைப் பிடிக்க, மகள் ஓங்கிக் குத்த, அது இரண்டாகப் பிளக்கிற படம் வீட்டுக்கு வீடு கூடத்தில் தொங்கியது. அந்த வீட்டுக்கு வந்துபோன விருந்தாளிகள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பள்ளியில் நிற்க இடமில்லை.

அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரே ஒப்பந்தம். தயாராகாதவர்களை டெஸ்டுக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அவர்கள் தேறாமல் போவதில்லை. யாரைக் கூப்பிடுவது என்பது அக்காவின் பாடு. மற்றதெல்லாம் தங்கையின் பாடு. அக்கா பொய் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் குழந்தையும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.*

[* குட்டிப் பிள்ளைகளின் பலகைகளைத் தங்கை மொட்டைமாடி வெயிலில் காயவைப்பாள். காய்ந்தால் லேசில் உடையும். அக்கா அதைக் கண்டுகொள்வதில்லை. பிளாக் பெல்ட் பலகை மட்டும் வெயில் படக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.]

3

போஸ்டரில் இருப்பவர் யார்?

முதலில் அவரை ஒரு முரடராக எழுதினேன். வாயையே திறக்கவில்லை. ராணுவத்தில் சேர்த்துப் பார்த்தேன், விறைப்பாக நின்றார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துக் கொடுத்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்றார்.

தங்கையின் புருஷன். முதுகுவலிக்காக ஐம்பதாவது வயதில் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து நின்றவர். பயிற்சி விரிப்பின் மேல் நிற்கும்வரை "மாஸ்டர்". இறங்கிச் செருப்பை மாட்டியதும் "அண்ணி". நாள் முழுக்க லென்ஸ் மாட்டும் கை. ஃபிரிட்ஜ் கதவைக்கூடத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலத்தான் சாத்துவார். பிரவுன் பெல்ட்வரை வந்துவிட்டார், அடுத்தது கறுப்புதான். உதை சுத்தமாக இருக்கும். குத்து மட்டும் —

(அதை அக்காவே சொல்லட்டும்.)

பள்ளியின் இரண்டாவது கிளைக்கு இடம் பார்த்தாகிவிட்டது. அங்கே பெரியவர்களுக்கு வகுப்பு வைக்கத் தங்கைக்கு ஆசை. அதற்கு ஒரு முகம் வேண்டும். வீட்டிலேயே ஒன்று சும்மா இருந்தது. ஆளுயரப் போஸ்டர்: 'ஐம்பதிலும் ஆரம்பிக்கலாம்.' படத்தில் பிரவுன் பெல்ட் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. டெஸ்ட்தான் வரப்போகிறதே, நம் பள்ளியில் யார் தோற்றிருக்கிறார்கள் என்று கடைக்காரரிடம் அதைக் கறுப்பாக்கிவிடச் சொன்னாள். யாருமே தோற்காத பள்ளியை நடத்துகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

அக்கா போஸ்டரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் குடுக்காத பெல்ட்டை ஜெராக்ஸ் கடைக்காரர் குடுத்துட்டாரா?"

"டெஸ்ட் வருதுல்லக்கா."

"அவரை நான் கூப்பிடவே இல்லையேடி."

தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தின நாளே போஸ்டரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருந்தாள். "அண்ணி என்னைக் கூப்பிட்டாங்களா?" என்று அவர் கேட்டபோது அந்த முகத்தைப் பார்த்து, ஆமாம் என்றும் சொல்லிவிட்டாள். அவர் அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை தங்கமான மனுஷன். ஆனா அவர் கை பலகைகிட்ட போனதும் மன்னிப்பு கேக்குது," என்றாள் அக்கா. "கேட்டா அது உடையாது."

இந்த ஒரு தடவை விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று தங்கை கெஞ்சினாள்.

"இத்தனை வருஷமா எல்லாத்தையும் உன் இஷ்டத்துக்கு விட்டேன். பெல்ட் ஒண்ணுதான் என்னுது. அதையும் நீயே குடுத்துட்டா இங்க எனக்கு என்ன வேலை?"

மிரட்டியிருந்தால் தங்கை சமாளித்திருப்பாள். அக்கா நிஜமாகவே கேட்டாள். பதில் தெரியாமல் கேட்டாள்.

கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னாள். மாப்பிள்ளை மனசு நோக வேண்டாம், கூப்பிட்டதாகவே இருக்கட்டும். ஆனால் பலகை உடையாவிட்டால் பெல்ட் இல்லை.

4

முடிவுகள்.

(அ) அக்கா மனம் இளகுகிறாள். பலகை உடையாவிட்டாலும் பெல்ட்டைக் கட்டிவிடுகிறாள்.

இதை எழுத உட்கார்ந்தபோது அக்கா உள்ளேயே வர மாட்டேன் என்றுவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

(ஆ) பலகை உடையவில்லை. தங்கை போஸ்டரைக் கிழிக்கிறாள்.

நன்றாகவே எழுதினேன். ஆனால் முடித்த பிறகு அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பேச்சில்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை? வெளியே வந்துவிட்டேன்.

(இ) தங்கை வெயிலில் காய்ந்த பலகை ஒன்றைக் பிளாக் பெல்ட் பலகை அடுக்கில் சொருகுகிறாள். டெஸ்ட் அன்று அது படாரென்று —

இங்கேதான் மாப்பிள்ளை குறுக்கே வந்தார். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பு, அவள் சொருகிய பலகையை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். கண்ணாடி பிரேமைத் தூக்கியே எடை சொல்லும் கை.

"இது பசங்களோடதும்மா."

அவள் அதைத் திருப்பி வாங்கக் கை நீட்டினாள்.

"அண்ணி என்னைக் கூப்பிடலை. இல்ல?"

"இல்லீங்க."

அவர் பலகையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"சரி. அப்ப கனமானதா ஒண்ணு எடுத்து வை. நீதான் பிடிக்கணும்."

ஆகவே (இ) முடிவு இல்லை. அது நடுவில் நடந்ததாக இருக்கட்டும். இதற்கு மறுநாள்தான் ஜெராக்ஸ் கடை. மெஷின் விழுங்கிய மூன்றாவது வரியும் இப்போது எனக்குக் கேட்டுவிட்டது:

"அப்ப எனக்குப் பலகை பிடிக்கச் சொல்லிக்குடுக்கா."

5

ஊரில் உள்ள அம்மாக்களையெல்லாம் பிடிக்கவைத்தவள், தன் கையால் ஒரு பலகையையும் பிடித்ததில்லை. டெஸ்ட் நாளில் அவளுக்குப் போட்டோ பார்க்கவும், பெஞ்சு போடவும், அழுகிற கடைக்குட்டியைத் தூக்கவுமே நேரம் சரியாக இருக்கும்.

வகுப்பு இல்லாத மதியம். காலி விரிப்பு. அக்கா குத்த வந்தாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போனாள். பலகை வளைந்துகொடுத்தது, உடையவில்லை.

"நீ பிடிக்கலைடி. அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறே."

மறுபடி. மறுபடியும் பின்னால் போனாள்.

"முழங்கையை மடக்காதே. கண்ணை மூடாதே. நீ ஆடினா அவர் கைதான் அடிபடும்."

"அடிபட்டுடுமோன்னுதான்க்கா பயமா இருக்கு."

அக்கா கையை இறக்கினாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அவருக்கும் அதே பயந்தான். பிடிக்கிறவங்களுக்கு வலிச்சுடுமோன்னு கையை இழுத்துக்கறார், நீ பிடிச்சா கேக்கவே வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் காப்பாத்திட்டே இருங்க. பலகை பத்திரமா இருக்கும்."

தங்கையும் சிரித்தாள். சிரித்தபடியே முழங்கையை நீட்டினாள். அக்கா குத்தினாள்.

[இந்தப் பலகை உடைந்ததா என்பதை எழுதி, அடித்துவிட்டேன். ஒரு கதைக்கு ஒரு பலகை போதும்.]

6

டெஸ்ட் நாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் இடமில்லாமல் நிற்கிறார்கள். மூலையில் சுருட்டிய போஸ்டர். மாப்பிள்ளை குனிந்து, "மாஸ்டர்" என்கிறார். அக்காவின் கையில் கறுப்பு பெல்ட் மடித்தபடி இருக்கிறது. இப்போதைக்கு அது அவளுடையது. தங்கை பலகையோடு எதிரில் வந்து நிற்கிறாள்.

இதற்குமேல் என்னால் ஆகாது. இந்த மூவரில் யார் கையும் வலிப்பதை என்னால் பார்க்க முடியாது. கடைசி நொடியில் நானும் கண்ணை மூடிப் பின்னால் போய்விடுவேன், பலகையும் உடையாமல் போய்விடும்.

அதனால் நீங்கள் வாருங்கள். இப்படி, தங்கை நிற்கும் இடத்தில் நில்லுங்கள். இந்தாருங்கள் பலகை. வெயில் படாதது, கனமாகத்தான் இருக்கும். இரண்டு கையாலும் பிடியுங்கள். காலைக் கொஞ்சம் அகட்டுங்கள். முழங்கை மடங்குகிறது பாருங்கள், நீட்டுங்கள்.

அவர் உங்களைத்தான் பார்க்கிறார். வலிக்காது என்று கண்ணால் சொல்லுங்கள்.

அவர் கை கிளம்பிவிட்டது. கண்ணை மூடாதீர்கள்.