பூசணிக்கு ஏற்ற பட்டை

என் மனைவி குதிரையிலிருந்து விழுந்ததே இல்லை. விழுந்தாள் என்று சொல்பவர்கள் சரியாகப் பார்க்காமல் பேசுகிறார்கள். விழ வேண்டுமானால் சேணத்தை விட்டுப் பிரிய வேண்டும். அவள் கடைசிவரை சேணத்தில்தான் இருந்தாள். சேணம்தான் குதிரைக்கு மேலிருந்து கீழே வந்தது.

அதுவும் படாரென்று வராது. அலுவலகத்தில் கோப்பு நகர்வதுபோல நகரும். வீட்டு வாசலில் நேராக உட்கார்ந்திருப்பாள். மருந்துக் கடை வரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பாள். தபால் நிலையத்தைத் தாண்டும்போது குதிரையின் வயிற்றுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, எதிரே வரும் டீச்சரிடம் "மருமக மாசமா இருக்காளாமே?" என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். டீச்சரும் குனிந்து பதில் சொல்லிவிட்டுப் போவார். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன்.

குதிரையின் பெயர் பூசணி. பெயரைக் கேட்டாலே உருவம் தெரிந்துவிடும். மற்ற குதிரைகளுக்குக் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். சேணம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பூசணிக்கு அங்கே ஒன்றும் இல்லை. முதுகு எங்கே முடிகிறது, வயிறு எங்கே தொடங்குகிறது என்று அதற்கே தெரியாது. மழை பெய்தால் தண்ணீர் அதன்மேல் சற்று நேரம் நின்று, எந்தப் பக்கம் வழியலாம் என்று யோசித்துவிட்டுத்தான் வழியும்.

அதைக் கொடுத்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிபோனபோது, குதிரைக்கு லிஃப்ட் ஒத்துக்கொள்ளாது என்று தங்கையிடம் விட்டுவிட்டுப் போனார். தங்கை அப்போதுதான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்றிருந்தாள். கவனிக்க ஆளில்லாமல் கை பரபரத்துக்கொண்டிருந்தது. அன்று முதல் பூசணிக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குக் காலைக் காபி.

அறுபத்தாறு வயதுத் தங்கையை மச்சான் இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். பாப்பா தலைகீழாகத் தொங்கிய செய்தியை மருந்துக் கடைக்காரர் அவர் காதில் போட்டுவிட்டார். அன்று மாலையே தொலைபேசி அடித்தது.

"மாப்ளே, ஞாயித்துக்கெழம வேன் எடுத்துட்டு வரேன். குதிரைய என் சிநேகிதன் பண்ணையில விட்டுடலாம்."

"உங்க தங்கச்சி ஒத்துக்க மாட்டாளே மச்சான்."

"அவ இடுப்பு ஒடஞ்சா நீங்களா தூக்கிட்டுத் திரிவீங்க?"

என்னால் அவளைத் தூக்க முடியாது என்பது கல்யாணத்தன்றே முடிவான விஷயம்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. லாயத்துக்குப் போய்ப் பூசணியின் பிடரியைச் சீவ ஆரம்பித்தாள். சீவிச் சீவி, இனி சீவ முடி இருக்குமா என்று எனக்கே கவலை வந்துவிட்டது. "பண்ணையில அம்பது குதிரை நிக்கும். உனக்குக் காதுக்குப் பின்னாடி சொறிஞ்சா புடிக்கும்னு எவனுக்குத் தெரியும்?" என்று அதனிடம் கேட்டாள். என்னிடம் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குதிரையிடம் கேட்டதுதான் தாங்கவில்லை.

"சேணத்தோட வயித்துப் பட்டையை நாளைலேர்ந்து இன்னும் இறுக்கிக் கட்டறேன்," என்றேன்.

"ஏற்கெனவே குதிரைமேல காலை வச்சு மிதிச்சுத்தானே இழுக்கறீங்க?"

"அது கள்ளி. கட்டும்போது வயித்த உப்பிக்குது. கட்டி முடிச்சதும் மூச்ச விட்டுடுது. பட்டை தொளதொளன்னு ஆயிடுது."

"எம் புள்ளையக் கள்ளின்னு சொன்னீங்க, ராத்திரி சோறு கெடையாது."

மறுநாள் சேணம் தைப்பவரிடம் போனேன். அவர் ஒரு பை நிறையப் பட்டைகளைத் திணித்தார். "போட்டுப் பாத்து எது ஒத்துவருதோ வச்சுக்குங்க. மிச்சத்தைத் திருப்பிக் குடுங்க. கடிச்சுக் கிடிச்சு வைக்காம பாத்துக்குங்க."

"குதிரையா?"

"உங்களையும் சேத்துத்தான்."

பையை வாங்கிப் பார்த்த என் மனைவி, பூசணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "என்னங்க, சட்டையக் கழட்டுங்க."

"இந்த வயசிலயா?"

"கழட்டிட்டு அந்தப் பெஞ்சப் புடிச்சுக் குனிஞ்சு நில்லுங்க. அதுக்கு வாய் இல்ல, சொல்லத் தெரியாது. உங்களுக்கு அதத் தவிர வேற ஒண்ணும் இல்ல."

வயிற்றுச் சுற்றளவில் நான் பூசணிக்கு ரொம்பவும் இளைத்தவனல்ல. பழைய பட்டையை முதலில் மாட்டினாள். விரைப்பான, ஒடுங்கிய தோல். நான் இழுப்பது போலவே ஒரே மூச்சில் சுண்டி இழுத்தாள்.

"ஏங்க வயித்த உப்பறீங்க?"

"நான் எங்கடி உப்பறேன்? அதுவா உப்புது. வலிக்குது!"

அவள் கை நின்றது. இருவரும் மெல்லத் திரும்பிப் பூசணியைப் பார்த்தோம். 'இத்தனை நாளாக நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?' என்பது போல அது வேறு பக்கம் பார்த்தது.

அடுத்த பட்டை அக்குள் சதையைக் கவ்விக்கொண்டது. அதற்கடுத்ததில் ஒரு பக்கம் மட்டும் எலாஸ்டிக். அது என் உடம்பையே திருகிவிட்டது, அன்று முழுக்க எங்கே கிளம்பினாலும் வலது பக்கத்து வீட்டில்தான் போய் நின்றேன். கடைசியாக ஒன்று வந்தது. நடுவில் அகலம், முன்னங்கால் மடிப்புக்குப் பின்னால் வரும் இடத்தில் உள்வாங்கி வெட்டியிருந்தது, உள்ளே பஞ்சுபோல் துணி, இரண்டு பக்கமும் ஒரே அளவு எலாஸ்டிக். அதைக் கட்டியதும் எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. அதோடு சாப்பிட்டேன், அதோடு படுத்தேன். அவள் பிடுங்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அதோடுதான் திரிந்துகொண்டிருப்பேன்.

சனிக்கிழமை அதைப் பூசணிக்குக் கட்டினோம். அது உப்பவில்லை. ஆனால் சேணம் மட்டும் பழையபடி உருண்டது. அவள் முகம் செத்துப்போயிற்று. நான் சேணத்தைத் தூக்கி அடியில் பார்த்தேன். மடித்த கம்பளி, அதன்மேல் ஸ்பாஞ்சு, அதன்மேல் எங்கள் கட்டில் மெத்தை விரிப்பு.

"இது என்னடி, பிரசவ வார்டா?"

"முதுகுல உறுத்துமேன்னுதான்..."

"இவ்வளவு மெத்தைமேல வச்சா யானையே உருளும்."

ஒவ்வொன்றாக எடுத்தாள், குளிர்காலத்தில் குழந்தையின் ஸ்வெட்டரைக் கழற்றுகிறவள்போல. ஒரே ஒரு மெல்லிய துணியை மட்டும் விட்டுவைத்து, அதற்கும் கீழே சுருக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

ஞாயிறு காலை வேன் வந்தது. மச்சான் வேஷம் கட்டியவர் மாதிரி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு இறங்கினார். வேனுக்குள் வழியில் தின்பதற்குப் புல்லுக்கட்டும் ஏற்றியிருந்தார்.

"ஒரு தடவ பாத்துட்டுக் கொண்டு போண்ணா," என்றாள்.

இந்தப் பக்கம் ஒரு துளை, அந்தப் பக்கம் ஒரு துளை என்று பட்டையை ஏற்றினாள். முற்றத்தில் ஒரு சுற்று நடத்தினாள். முன்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னால் நீட்டி, மடிந்த தோலை விடுவித்தாள். மறுபடி ஒரு துளை. விரல்களை உள்ளே நுழைத்துப் பார்த்தாள். மறுபடி ஒரு சுற்று.

"பாப்பா, இந்நேரம் ரயிலே கெளம்பியிருக்கும்."

"உன் ரயிலு என்னைக்குண்ணா நேரத்துக்குக் கெளம்புச்சு?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, சேணத்தின் ஓரத்தை ஒட்டிப் பூசணியின் விலாவில் இரண்டு பக்கமும் கோடு போட்டார். சேணம் கோட்டைத் தாண்டினால் குதிரை வேனுக்குள் என்றார்.

அவள் ஸ்டூலில் ஏறி, சேணத்தை ஒரு பக்கமாக இழுக்காமல் மெதுவாக உட்கார்ந்து கிளம்பினாள். மச்சான் இரண்டு கைகளையும் ஏந்தியபடி, சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓடுவதுபோல ஓடினார். எழுபது கடந்த மனிதர். மருந்துக் கடையில் பாப்பா நேராக இருந்தாள். தபால் நிலையத்திலும் நேராக இருந்தாள். டீச்சர் பழக்கதோஷத்தில் குனிந்து பேசப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இறக்கத்தில் பூசணி ஓட்டம் பிடித்தது. "மெதுவா, பாப்பா! மெதுவா!" என்ற குரல் மட்டும் கொஞ்ச நேரம் பின்னாலேயே போனது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

திரும்பி வந்தபோது சேணம் கோட்டோடு கோடாக இருந்தது. அவள் இறங்கவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

மச்சான் மூச்சு வாங்க இரண்டு பக்கமும் போய்க் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வேனுக்குப் போனார். புல்லுக்கட்டை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு லாயத்துக்குள் நுழைந்தார்.

வேன் ஓட்டுநர் தலையை நீட்டினார். "ஐயா, ஏத்திடலாமா? குதிரை எங்க?"

"எந்தக் குதிரை?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நீ வண்டிய எடுத்துட்டுப் போப்பா. நான் தங்கச்சி வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்."