பானு ரிஜெக்ட் செய்த ஸ்கேன்

கும்மிடிப்பூண்டியில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தால் யாரும் காரணம் தேடுவதில்லை. தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு கம்பெனி புகை விடுகிறது, அவ்வளவுதான். ஷேர் ஆட்டோ ஓட்டும் முரளியும் இரண்டு மாதமாக அப்படித்தான் நினைத்திருந்தான். பொங்கலுக்குப் பேட்டை முழுக்க மூடிக்கிடந்த அன்றும் அவனுக்கு அந்த நாற்றம் வந்தது. பக்கத்திலிருந்த மனைவி பானுவுக்கு வரவில்லை. அதோடு ஒரு நிமிடம் நாக்கு குழறி அவனுக்குப் பேச்சே வரவில்லை.

திருவள்ளூரில் தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. முரளிக்குப் போன உயிர் திரும்பியது. பானு மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

வெல்டிங் இணைப்புகளின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து பாஸா, ரிஜெக்ட்டா என்று சொல்வது அவள் வேலை. மேனேஜர் தலைகீழாக நின்றாலும் அவள் ரிஜெக்ட் என்றால் ரிஜெக்ட்தான். அந்தப் பிடிவாதத்தை முரளி கேலி செய்யாத நாளில்லை. இப்போது அது ஸ்கேன் டாக்டர் கிறிஸ்டினாவின் எதிரே போய் உட்கார்ந்துகொண்டது. முரளி கூச்சத்தில் அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை.

"படுத்தாப்புல இருக்கிற விரிசல் எங்க படத்துல தெரியாது, மேடம். தெரியலன்றதுக்காக இல்லன்னு எழுத மாட்டோம். கோணத்த மாத்தி இன்னொன்னு எடுப்போம். பொங்கலன்னிக்கு பேட்டையே மூடிக்கினு இருக்கு, எங்க ஊட்டுக்காரருக்கு மட்டும் நாத்தம் வருது. இன்னொரு தபா பாருங்க."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்றத்தைப் பற்றி ஸ்கேனுக்கு அனுப்பிய சீட்டில் யாருமே எழுதவில்லையே என்றார். அதில் தலைச்சுற்றல் என்று மட்டும்தான் இருந்தது. இல்லாத நாற்றம் வருவது மூளையில் கட்டி இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம், ஆரம்பக் கட்டி மூளையின் அதே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும், காதோர எலும்பு வேறு அந்த இடத்தை மறைக்கும் என்று விளக்கினார். ஊசியில் மருந்து ஏற்றி, மெல்லிய அடுக்குகளாக எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

கட்டி பட்டாணி அளவில் இருந்தது. சின்னதாக இருக்கும்போதே பிடித்ததால் முழுசாக எடுக்க முடிந்தது. மொட்டைத் தலையில் தையலோடு படுத்திருந்த முரளி, வார்டில் வந்து போன அத்தனை பேரிடமும் கண்டுபிடித்தது தன் பெண்டாட்டி என்று சொல்லித் தீர்த்தான். நர்சுகளுக்கே மனப்பாடமாகிவிட்டது.

ஊருக்குத் திரும்பிய அன்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரப்பர் கருகும் நாற்றம். முரளி அப்படியே நின்றான். மெல்லத் திரும்பி பானுவைப் பார்த்தான். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"எனக்கும்தான் வருது. நடங்க."

பானுவே பாஸ் போட்டுவிட்டாள். முரளி நெஞ்சை நிமிர்த்தி, அந்த நாற்றத்தை ஆசைதீர இழுத்துவிட்டு நடந்தான்.